சாய்ந்த ஏரி

வடமேற்குக் காற்று அடித்தால் எங்கள் ஏரி சாய்ந்துவிடும். தண்ணீரெல்லாம் தென்கரைக்கு, பால்பண்ணைகளின் மேய்ச்சல் பக்கம் ஒதுங்கும். வடகரையில் எங்கள் சம்புக் கோரைக் காடு வெறும் சேறாகக் கிடக்கும். காற்று ஓய்ந்ததும் தண்ணீர் திரும்பி வரும்.

அதனால்தான் அன்று தண்ணீர் ஒதுங்கியபோது நாங்கள் யாரும் பதறவில்லை. எங்கள் குலம் கூடும் பொது இடமான மராயில் புதுக் கூடம் திறப்பதற்காக மகரேட்டா அத்தை பிடித்துச் சேர்த்த விலாங்குகள் சம்புக்குள் கூடைகளில் உயிரோடு கிடந்தன. எங்கள் ஊர் விருந்து என்றாலே விலாங்குதான். ஈரச் சேற்றில் கொஞ்ச நேரம் தாங்கும், சாயங்காலம் தண்ணீர் வந்துவிடும் என்று இருந்துவிட்டோம்.

வரவில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் கூழாங்கல் மேட்டைக் கவுன்சில் பொக்லைன் வைத்து வெட்டியிருந்தது. பண்ணைகள் மூழ்காமல் இருக்க, தென்கரை அளவுக் கம்பத்தில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வெட்டலாம் என்பது விதி. தண்ணீரைக் கோடுவரை ஏற்றியது மழையா, காற்றா என்று விதி கேட்காதாம். எங்களிடம் திரும்ப வேண்டிய தண்ணீர் கடலுக்குப் போனது. வெயிலில் விலாங்குகள் கூடையிலேயே செத்து நாறின.

வெட்டச் சொன்னவன் வெளியாள் என்றால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். அவன் டிபேனே, கவுன்சிலில் ஏரியைப் பார்க்கும் அதிகாரி; அத்தையின் தம்பி மகன், இந்தச் சேற்றிலேயே வளர்ந்தவன். ஒரு போன் போட்டிருந்தால் கூடைகளைத் தூக்கியிருப்போம். கேட்டால், அளவு அளவுதானே என்றான்.

திறப்பு விழாவுக்கு வெட்கமே இல்லாமல் வந்து உட்கார்ந்தான். பந்தியில் கடைக்கோழி வைத்தோம். வெளியூர்ப் பெரியவர் ஒருவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னம்மா, உங்க விலாங்கெல்லாம் லீவுல போயிருச்சா?”

விருந்தில் குறை என்றால் எங்கள் ஆள் ஒருவர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். எப்போதும் அத்தைதான் எழுவாள். அன்று எழவில்லை; உட்கார்ந்தபடியே தம்பி மகனைப் பார்த்தாள்.

“டிபேனே, நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதான. எந்திரிச்சு சொல்லு.”

எழுந்தான். கம்பம், கோடு, விதி என்று ஆரம்பித்தான். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் விசாரித்தார்.



“வடமேற்கு,” என்றான் டிபேனே. “எனக்குத் தெரியும். பண்ணைக்காரங்க காலையிலேருந்து போன்ல கத்துனாங்க. வெட்டச் சொல்லிட்டேன்.”

அத்தை எழுந்து வந்து அவன் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தாள்.

“நாங்க கத்தல. அதான?”