வரும்போது நாலரை மணி நேரம்

அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்னைப் பெற்ற அத்தா கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தார். நான் படுக்கையில் விழித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு துபாய் போனதும் போட்ட முதல் கடிதத்தில், ‘பம்பாயில் எட்டரைக்கு ஏறி, பத்து மணிக்கு இங்கே இறங்கிவிட்டேன்’ என்று எழுதியிருந்தார். ஒன்றரை மணி நேரம். இப்போது லீவில் வருகிற விமானம், ராத்திரி பத்துக்குக் கிளம்பி இரண்டரைக்குப் பம்பாய் சேருமாம். நாலரை மணி நேரம்!

ஸ்கூல் அட்லஸில் நூல் வைத்து அளந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். போவதற்கும் அதுதான், வருவதற்கும் அதுதான். வகுத்துப் பார்த்தால் வரும்போது வேகம் மூன்றில் ஒரு பங்கு. பாதி இன்ஜின் ஓடாத விமானமாக இருக்குமோ?

அம்மாவை எழுப்பினேன். “அம்மா, அந்தப் பிளேன் சரியில்லம்மா.”

“ஏன், நீ போயி பாத்தியா?”

கணக்குப் போட்ட நோட்டைக் காட்டினேன். அம்மா அதைத் தள்ளிவிட்டார். “இதுக்கா எழுப்புன? நம்ம பஸ்ஸு சேலத்துக்கு எறங்கறப்ப எத்தன நேரம்?”

“முக்கா மணி.”

“ஏறி வர்றப்ப?”

“ஒன்னேகால்.”

“அப்பறமென்ன? போறது எறக்கம், வர்றது ஏத்தம். அத்தா ஏறி வர்றாரு கண்ணு. படு.”

“வானத்துல ஏதும்மா ஏத்தம்?”

“துபாய் கடலோரம். நாம மலை மேலதான இருக்கறம்?”

பம்பாயும் கடலோரம்தான். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா என்னையும் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு தூங்கிப்போனார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை ஆனது. மூன்று ஆனது.

மூன்றேமுக்காலுக்குக் கதவு தட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டு சூசைமாணிக்கம் மாமா. எங்கள் தெருவில் அவர் வீட்டில்தான் டெலிபோன்.

“பம்பாயிலருந்து டிரங்காலுங்க! ஓடியாங்க, லைன் கட்டாயிரும்!”

பனியில் ஓடினோம். நான்தான் முதலில் போனைப் பிடித்தேன்.

“பரிதா கண்ணு, எறங்கிட்டேன்.”

“இன்ஜின் நல்லா இருந்துச்சா அத்தா?”

நாலரை மணி நேரக் கதையைச் சொன்னதும் அத்தா சிரித்த சிரிப்பு மாமாவுக்கே கேட்டது. “அட லூசு! போனப்பவும் மூணு மணி நேரந்தான், வந்தப்பவும் மூணுதான். அந்த ஊரு கடியாரம் நம்மளுதவிட ஒன்ற மணி நேரம் பின்னால ஓடும். ஏறுன மணி ஏறுன ஊரு கணக்கு, எறங்குன மணி எறங்குன ஊரு கணக்கு.”

போன ஒன்றரையோடு ஒன்றரையைக் கூட்டினேன். வந்த நாலரையில் ஒன்றரையைக் கழித்தேன். இரண்டு பக்கமும் மூன்று வந்தது. அப்போதுதான் கால் ஜில்லென்றிருப்பது தெரிந்தது, செருப்பே போடவில்லை.

அம்மா போனைப் பிடுங்கினார். “ஏனுங்க, ஊட்டுக்கு எப்ப வருவீங்க?”

“ராத்திரிதான் ரயிலு. ஜோலார்பேட்டைல மாறி, சேலம் வந்து பஸ் புடிச்சு... வியாழக்கெழம சாயங்காலம் ஆயிரும்.”

“ரயில்ல தூங்கிராதீங்க. பெட்டி பத்தரம்.”

“நொம்ப நேரம் பேசறீங்களே, அவரு காசுல்லங்க கரையுது!” என்றார் மாமா.

இன்னும் இரண்டு நாள் முழுசாக இருந்தது. இருக்கட்டும், எல்லாம் தரைமேல் ஓடுகிற வண்டிகள். வீட்டுக்கு வந்து படுத்தவளை அம்மா உலுக்கி எழுப்பியபோது ஸ்கூல் மணி அடித்து அரைமணி ஆகியிருந்தது.