சிரிப்புக்குத் தூக்கிய கை

“அவன் குடிச்சிருந்தானா இல்லையான்னு இப்ப யாரும்மா கேட்டா? சொன்னது யாருன்னு பாரு. சார் வாயால வந்துட்டா அது முடிஞ்ச கதை.”

நிகழ்ச்சி மேலாளர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கைக்கு இரண்டாக இரும்பு நாற்காலிகளைத் தூக்கி வந்து அவள் வரிசை போட்டுக்கொண்டிருந்தாள். இருநூறு நாற்காலிகள். வெளியே பனியில் கிடந்த இரும்பு விரல் மடிப்புகளை அறுத்தது.

அந்த அரங்கில் எல்லோருக்கும் அவள் கைதட்டு அக்கா. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கூலிக்கு வந்து உட்காருகிறவர்கள் அவள் பொறுப்பு. கேமராவுக்குக் கீழே குந்தியிருந்து அவள் உள்ளங்கையை விரித்தால் கைதட்ட வேண்டும். விரல்களைச் சிலுப்பினால் சிரிக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதே தொழில். மேடைப் பேச்சை அவள் கேட்பதே இல்லை. பேச்சு நிற்கும் இடத்தைத்தான் கேட்பாள். நிகழ்ச்சியை நடத்தும் சினிமா நாயகன் ஒரு வரி சொல்லிவிட்டு மூச்சை இழுத்தால் கை தானாக எழும்.

போன வாரமும் அப்படித்தான் எழுந்தது.

கூரைக்கடியில் உள்ள பலகையிலிருந்து விழுந்த விளக்குக்காரனைப் பற்றி யாரோ கேட்டார்கள். நாயகன் கண்ணடித்தார். “நம்ம ஆளு உள்ள ஏத்தினது கொஞ்சம் ஓவர். பறந்து பாத்திருக்கான்.” மூச்சை இழுத்தார். அவள் விரல்களைச் சிலுப்பினாள். இருநூறு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் வார்த்தை அவள் காதுக்குள் இறங்கியது. விழுந்தவன் அவளுடைய தம்பி. சோடா குடித்து ஏப்பம் வந்தாலே கூச்சப்படுகிறவன்.

தம்பி விழுந்த அன்று, இடுப்புக்குக் கயிறு கட்டும்வரை அவன் பொறுக்கச் சொன்னபோது, அதுவரை மேக்கப்போடு நிற்க முடியாது, அப்படியே ஏறட்டும் என்று கத்தியவர் இதே நாயகன்தான். நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். நாற்பது பேர் கேட்டது காற்றோடு போயிற்று. அவர் தும்மினால் செய்தி, பொய் சொன்னால் சான்றிதழ். கம்பெனி அந்த மேடைப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. போதையில் விழுந்தவனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போனது. முதுகெலும்புக்கான இரண்டாவது ஆபரேஷன் நின்றுவிட்டது. தம்பி தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான்.

“ஸ்டார் சொன்னதைத் திருப்பி வாங்கினா அப்புறம் ஸ்டாரா இருப்பாராம்மா?” என்றார் மேலாளர். “கையைத் தூக்குறதுதான் உன் வேலை. அதை மட்டும் பாரு.”

“தூக்கினதாலதான் சார் தூக்கம் வரல.”

கூலிக்கு உட்காருகிறவர்கள் வந்து சேர்ந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். விழுந்தவன் அவள் தம்பி என்பதே பலருக்குத் தெரியாது. ஒருவர் தலை குனிந்துகொண்டார். முன்வரிசையில் எப்போதும் உட்காரும் தையல்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“நாமதானே சிரிச்சோம்? இன்னைக்கு மூடிக்கிட்டு உக்காருவோம். பல்லு ஒண்ணும் கொட்டிடாது.”

நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்களே என்று பின்னால் ஒருவர் முனகினார். முனகினாரே தவிர, எழுந்து போகவில்லை. விளக்கை அணைத்துவிடலாமா என்று மேலே பலகையில் இருந்த விளக்குக்காரர்கள் கேட்டதற்கு, தலைமை விளக்குக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். “எரியட்டும். அவர் மூஞ்சி நல்லாத் தெரியணும்.”

வெயில் ஏறியபோது நாயகன் வந்தார். முதல் வேடிக்கையைச் சொல்லி மூச்சை இழுத்தார். அவள் கை முழங்காலில் கிடந்தது. மேலே விளக்குகள் ரீங்கரித்தன. இரண்டாவதைச் சொன்னார். யாரோ இருமினார்கள். மூன்றாவதற்கு அவரே சிரித்துப் பார்த்து, பாதியில் விட்டார்.

“என்னக்கா, கை சுளுக்கிக்கிச்சா?” என்று மைக்கிலேயே கேட்டார்.

ஓரத்திலிருந்து மேலாளர், நிறுத்தச் சொல்லிக் கையை வீசினார். கேமராக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவள் குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து, பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசை வரிசையாக இருநூறும். திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“அவன் குடிக்கல சார். கயிறு இல்லாம ஏறச் சொன்னது நீங்க. இதே மைக்ல, அதை ஒரு தடவை சொல்லுங்க.”