ஆஸ்டின் டவுனில் தயிர் தோயாத நாற்பத்தொரு நாட்கள்

தமயந்தியின் ரத்தம் உறைய மறுத்த அன்றைக்கே ஆஸ்டின் டவுனில் அவள் தெருவின் பதினேழு வீடுகளிலும் தயிர் தோயவில்லை. இரண்டாயிரத்து இருபத்துமூன்று, ஆடி வெள்ளி. விளக்கு வைத்த பிறகு மோர் கொடுத்ததால் வந்த வினை என்று எதிர்வீட்டுத் தாயம்மாவின் மேல் பழி போட்டார்கள். தாயம்மா விடுகிற ஆளா? ஒரு வாரம் தெருவே இரண்டுபட்டது.

இதற்குள் ஐம்பத்தாறு வயதுத் தமயந்தியின் கைகால் முழுக்க, எங்கும் இடித்துக்கொள்ளாமலே, கத்திரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. பெண்கள் அவள் புருஷன் முனியப்பனைத்தான் சந்தேகப்பட்டார்கள். "ஏன்க்கா, அவரு கை நீட்டுறாரா? மறைக்காத சொல்லு." ஈ எறும்பைக்கூட அடிக்காத முனியப்பன் அவமானத்தில் டீக்கடைக்குப் போவதையே விட்டான். ஈறில் கசிந்த ரத்தம் மூன்று நாளாகியும் நிற்காதபோதுதான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ரத்த டாக்டர் பார்கவி, அவள் ரத்தத்தோடு நல்ல ரத்தத்தைக் கலந்து பார்த்தார். நல்லதும் உறையவில்லை. இது பிறவிக் கோளாறு இல்லை, ரத்தத்தை உறையவைக்கும் சத்தை உடம்பே எதிரி என்று நினைத்து அழிக்கிறது, அபூர்வமாகத்தான் வரும், மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

"எங்க தெருப் பாலும் அப்டித்தான் மேடம். பக்கத்துத் தெருத் தயிரக் கலந்தா அதுவும் தண்ணியாவுது" என்றாள் கூடப் போயிருந்த தாயம்மா. டாக்டர் அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

ஊசியும் மாத்திரையும் தொடங்கின. தெருவில் எழுந்தவுடன் முதல் வேலை கிண்ணத்தைச் சாய்த்துப் பார்ப்பது. சாமி படம்கூட அப்புறம்தான். இருபதாம் நாள் மூன்றாம் வீட்டில் பால் லேசாக இறுகியது. தெருவே திரண்டது. மதியம் அது இளகிப்போனதும் முனியப்பன் வாய்விட்டு அழுதான். அதன்பிறகு யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை.

நாற்பத்தோராம் நாள் முடிந்த காலையில் தாயம்மா குண்டானைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தபடி ஓடினாள். ஒரு சொட்டு விழவில்லை! பின்னாலேயே பதினைந்து பெண்கள், பதினைந்து கவிழ்த்த பாத்திரங்கள். கடைசியில் தன் வீட்டுச் சட்டியோடு முனியப்பன். பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி மட்டும், வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டேன் என்று மறித்தான்.

"இது சாப்பாடு இல்லப்பா, ரிப்போர்ட்டு!" என்று கத்தினாள் தாயம்மா.

அன்று எடுத்த ரத்தம் நேரத்துக்கு உறைந்தது. நோய் திரும்பலாம் என்பதால் தமயந்தி மாதம் ஒருமுறை, வீட்டில் தோய்த்த தயிர்க் கிண்ணத்தோடு, ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். டாக்டர் பார்கவி முதலில் ஸ்பூனால் தயிரைக் குத்திப் பார்க்கிறார். கெட்டியாக இருந்தால், இந்த மாதம் ரத்தம் எடுக்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்கிறார்.