இடப்பக்கத்துக் கல்லடுக்கு

ஒஷாவாவில் காரில் ஏறியதிலிருந்து அருள்நாயகம் நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வந்தார்.

"தொண்ணூற்றிமூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது... அண்ணை, எழுபத்தொம்பதிலை ஏழு போனால்?"

"எழுபத்திரண்டு," என்றார் காரோட்டிக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராசா.

"நீங்கள் ஏன் சொல்லுறியள்? அங்கை ஆர் எனக்குச் சொல்லித்தரப் போகினம்?"

"நீர்தானே கேட்டனீர்?"

"கேட்டால் சொல்லுறதே!"

இருவரும் சம்பந்திகள். ஸ்ரீஸ்கந்தராசாவின் மகன் அபிஷன் அருள்நாயகத்தின் மகள் துர்க்காவைக் கட்டி ஆறு வருடமாகிறது. இன்று பதினொரு மணிக்கு ஸ்காபரோவில் அருள்நாயகத்துக்கு மறதிப் பரிசோதனை. பதினொன்று பத்துக் காட்டும் மணிக்கூடு கீறச் சொல்வார்களாம், எண்களைக் கழிக்கச் சொல்வார்களாம், ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்களாம். தவறினால் டொக்டர் எழுதிப்போடுவார், லைசன்ஸ் போய்விடும். மனைவி போன பிறகும் தனியாகவே இருந்துவந்த அந்த ஒஷாவா வீடும் போய்விடும். அவருடைய கார்த் திறப்பை யூன் மாதமே துர்க்கா வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டாள். அருள்நாயகம் மடியில் ஒரு கொப்பி வைத்திருந்தார். நாற்பது பக்கத்துக்கும் மணிக்கூடுகள். எல்லாமே பதினொன்று பத்துக் காட்டின.

அந்தக் கொப்பியின் பக்கம் திரும்பாமலே ஸ்ரீஸ்கந்தராசா காரை ஓட்டினார். சம்பந்தி மூளை கலங்கிப்போனார் என்ற கதை எங்கே தொடங்கியது என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சித்திரை மாதத்தில் சம்பந்திகளும் பிள்ளைகளுமாக நால்வரும் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் போயிருந்தார்கள். கடலில் குளிக்க அல்ல, மலை ஏற. துர்க்காவுக்கு அது ஒரு பைத்தியம். ஒரு வருடமாகப் படமும் பாதையும் பார்த்து ஆயத்தம் செய்திருந்தாள். அங்கே சுண்ணாம்புப் பாறைகள் வெயிலில் எலும்பு நிறத்தில் வெளுத்துக் கிடந்தன. பிழிந்துபோட்ட சீலை மாதிரி முறுகிய ஒலிவ் மரங்கள், அவற்றின் நடுவே கழுத்துமணி குலுங்க ஏறித்திரியும் ஆடுகள். சாந்தே இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டிய மதில்கள் சரிவு சரிவாக இறங்கின. இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்த ஸ்ரீஸ்கந்தராசா அந்த மதில்களை நின்று நின்று தடவிப் பார்த்தார். மலையின் உச்சியில் காற்றும் மழையும் பாறையைக் குடைந்து ஒரு பெரிய வாசல் மாதிரித் திறந்துவிட்டிருந்தன. அதற்குள்ளால் கீழே கடல் தெரியும். அதைப் பார்க்கத்தான் அன்று ஏறினார்கள்.

"பாதை பிரியிற இடங்களிலை கல்லடுக்கி வைச்சிருப்பினம்," என்று துர்க்கா அடிவாரத்திலேயே சொல்லியிருந்தாள். "கல்லைக் கண்டால் அதுதான் வழி. Okay, அப்பா? மாமா, உங்களுக்கும்தான்."

காணி அளந்தவருக்குக் கல்லின் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் ஸ்ரீஸ்கந்தராசா அந்தக் காரியத்தைச் செய்தார்.

காரணம் பயணத்துக்கு முதல் கிழமை ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது. பிக்கரிங்கில் நான்கு அறை வீடு வாங்கியிருந்த அவருடைய பெறாமகன் றமேஸ், சாப்பாட்டு மேசையில் நாலு பேர் கேட்கச் சொன்னான்: "என்ன சித்தப்பா, அபிஷன் வீடு வாங்குறதை விட்டிட்டு மலை வாங்கப் போறானாம்?" மேசை முழுக்கச் சிரித்தது. "என்ரை பிள்ளை வாடகைக்கு இருந்தாலும் ஒருத்தன்ரை வாசலிலையும் போய் நிக்கேல்லை," என்று முதுகை நிமிர்த்திப் பதில் சொல்லிவிட்டு அவர் எழும்பி வந்தார். ஆனால் அந்தச் சிரிப்பும் அவரோடு விமானம் ஏறியது.

முன்னொரு காலத்தில், கனடாவுக்கு வர முதல், திருச்சியில் அகதியாக இருந்தபோது பழனிக்குப் போயிருந்தார். மலையேறும் சனம் வழியோரத்தில் கல்லின்மேல் கல் அடுக்கிச் சொந்த வீடு கேட்டு வேண்டிக்கொள்வதை அங்கேதான் கண்டார். "கல்லடுக்கினால் வீடு வந்திடுமோ?" என்று அன்றைக்குச் சிரித்தார்.

மயோர்க்காவில் அந்தப் பிரிவுக்கு வந்தபோது பிள்ளைகள் முன்னே ஏறிப் போய்விட்டிருந்தார்கள். ஒலிவ் மரங்களைப் படமெடுத்தபடி அருள்நாயகம் வெகுதூரம் பின்னால் நின்றார். யாருடைய கண்ணிலும் பட்டுவிடக்கூடாதென்று ஸ்ரீஸ்கந்தராசா சரியான பாதையை விட்டு, இடது பக்கமாக இறங்கிய ஆட்டுப் பாதையில் பத்தடி உள்ளே போனார். ஐந்து கற்களை அடுக்கினார். உச்சியில் வைத்தது வெள்ளைக் கல். "முருகா, என்ரை பிள்ளைக்கு ஒரு வீடு," என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

அருள்நாயகம் கல்லைக் கண்டார். கண்ட வழியே இறங்கினார். சரிவில் வழுக்கி ஓடைக்குள் விழுந்து கணுக்கால் முறிந்தது.

அவர் மேலே வந்து சேராததால் எல்லாரும் தேடி இறங்கினார்கள். அபிஷனும் துர்க்காவும் கூப்பிட்டபடி பெரிய பாதையால் கீழே ஓடிவிட்டார்கள். முழங்கால் நோவோடு பின்னால் வந்த ஸ்ரீஸ்கந்தராசா பிரிவில் தனியே நின்றார். ஐந்து கல்லும் அப்படியே இருந்தன. எல்லாம் ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. அந்தக் கணத்தில் அவர் முதலில் செய்த காரியம், காலால் அந்தக் கற்களை உதைத்துச் சிதறடித்தது. அதற்குப் பிறகுதான், "இந்தப் பக்கமும் பாருங்கோ!" என்று கத்தினார்.

"கல் இருந்தது, அஞ்சு கல், மேலை வெள்ளை," என்று மீட்புப் படையினர் தூக்கிக்கொண்டு போகும்போதே அருள்நாயகம் சொன்னார். அபிஷன் போய்ப் பார்த்தான். ஒன்றுமில்லை. ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு துர்க்கா தகப்பனின் ஒவ்வொரு தவறையும் கவனிக்கத் தொடங்கினாள். அடுப்பில் கருகிய பால், மாறிச் சொன்ன பேர், தவறவிட்ட பஸ். நாளாக ஆக, இல்லாத கல்லைக் கண்டவர் என்று அருள்நாயகமே தன்னைப் பற்றி நம்பத் தொடங்கிவிட்டார்.

"அண்ணை, எனக்கு அஞ்சு சொல்லுச் சொல்லுங்கோ பாப்பம். இறங்கேக்கை திருப்பிச் சொல்லுறன்," என்றார் காரில் பக்கத்தில் இருந்த அருள்நாயகம்.

"வாழை," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "கதிரை. சிவப்பு. மழை..."

"அஞ்சாவது?"

எதுவுமே வாயில் வரவில்லை. வந்ததோ ஒன்றே ஒன்று. "கல்."

அருள்நாயகம் கொப்பியை மூடினார். "நீங்களும் பகிடி பண்ணுறியளோ அண்ணை? பரவாயில்லை. எல்லாரும் பண்ணினம்."

அதற்குப் பிறகு அவர் எதையும் கழிக்கவில்லை. கார் கிளினிக்கின் தரிப்பிடத்தில் நின்றது. ஸ்ரீஸ்கந்தராசா இறங்கவில்லை.

"அருள், அந்தக் கல் இருந்தது."

"ம்?"

"நான்தான் வைச்சனான். அபிஷனுக்கு வீடு வேணுமெண்டு நேந்து அடுக்கினனான். அது வழி எண்டு நீர் நினைப்பீரெண்டு யோசிக்கேல்லை."

அருள்நாயகம் மெல்லத் திரும்பினார். "எத்தினை கல்?"

"அஞ்சு."

"மேலை?"

"வெள்ளை."

"அஞ்சு!" அருள்நாயகம் இரண்டு கையாலும் டாஷ்போர்டில் அடித்தார். "அஞ்செண்டு சொன்னன்தானே! வெள்ளையெண்டு சொன்னன்தானே! ஐயோ அண்ணை, என்ரை மூளை நல்லாய்த்தான் இருக்குது!" கண்ணீர் வழிய அவர் சிரித்தார். "உதுக்கே இப்பிடி முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தனியள்? என்ரை பிள்ளைக்கும் சேத்துத்தானே வீடு கேட்டனியள்! வேணுமெண்டே செய்தனியள்? கணுக்கால்தானே, அது பொருந்தியிட்டுது."

ஸ்ரீஸ்கந்தராசாவின் நெஞ்சிலிருந்து பாரம் பாதி இறங்கியது. மற்றப் பாதி அங்கேயே இருந்தது.

"ஆனால் அபிஷன் பாக்கேக்கை கல் இல்லையே," என்று அருள்நாயகம் கண்ணைத் துடைத்தார். "ஆடு தட்டியிருக்கும், என்ன? அங்கை எத்தினை ஆடு!"

ஓமென்று ஒரு சொல் போதும். மலை ஆட்டின் மீது வழக்குப் போட யாரும் வரப்போவதில்லை. குடும்பத்தின் பேரும் கெடாது, சம்பந்தியின் பேரும் மீண்டுவிடும். ஸ்ரீஸ்கந்தராசா வாயைத் திறந்தார். பக்கத்தில் அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோசமாக இருந்தார்.

"ஆடில்லை. உம்மைத் தேடி வரேக்கை நான்தான் உதைச்சுத் தள்ளினனான். ஆரும் காணக்கூடாதெண்டு. அதுக்குப் பிறகுதான் கத்தினனான்."

அருள்நாயகத்தின் முகத்தில் சிரிப்பு அணைய நேரம் எடுத்தது.

"பிறகு?"

"பிறகு சொல்லேல்லை."

"அஞ்சு மாசம்," என்றார் அருள்நாயகம். "நான் வீட்டிலை தனியக் கதவைப் பூட்டிப்போட்டு மணிக்கூடு கீறினனான். நீங்கள் வந்து பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சனியள். நல்லாய் இருக்குது, வடிவாய்க் கீறியிருக்கிறீர் எண்டும் சொன்னனியள்." கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "வாங்கோ ஸ்ரீஸ்கந்தராசா. துர்க்கா உள்ளை நிப்பாள். அவளுக்குச் சொல்லுங்கோ."

அண்ணை என்ற சொல் போய்விட்டிருந்தது.

வேலையிலிருந்து நேரே வந்திருந்த துர்க்கா காத்திருக்கும் அறையில் தகப்பனின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். "மாமா, இருங்கோவன்," என்றாள். அவர் இருக்கவில்லை. அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் தமிழர். இங்கே சொன்னால் பின்னேரத்துக்குள் வோபர்னிலிருந்து பிக்கரிங் வரைக்கும் போய்விடும். குரலைத் தாழ்த்திச் சொல்லலாம். காரிலும் தாழ்த்திய குரலில்தான் தொடங்கினார், முழுவதும் வெளியே வர எவ்வளவு பாடுபட்டது! அவர் நேராக நின்று, வழக்கமான குரலில், கல் வைத்ததையும் அதை உதைத்ததையும் சொன்னார்.

துர்க்காவின் பேனை படிவத்தில் அப்படியே நின்றது.

"எங்களுக்கு வீடு வேணுமெண்டு ஆர் மாமா உங்களிட்டைக் கேட்டது?"

அவள் படிவத்தைப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள்.

"I took his keys," என்றாள் அவள். "அப்பா அழ அழப் பறிச்சனான். நான் என்ரை கையாலை."

தாதி வெளியே வந்து அருள்நாயகத்தின் பெயரை வாசித்தாள். துர்க்கா எழும்பினாள். "அப்பா, உது ஒண்டும் வேண்டாம். வாங்கோ வீட்டை போவம்."

"இல்லை. நான் சோதினை எழுதத்தான் போறன்," என்றார் அருள்நாயகம். "இவ்வளவு பாடமாக்கிப்போட்டு எழுதாமல் போறதே?"

கதவடியில் துர்க்கா திரும்பிப் பார்த்தாள். "போயிடாதேங்கோ மாமா. அபிஷனுக்கு நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

கதவு சாத்தப்பட்டது. ஸ்ரீஸ்கந்தராசா கதிரையில் இருந்தார். எதிரே இருந்த பெண் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிள், நீங்கள் ஊரிலை காணி அளந்த சேவையர் ஸ்ரீஸ்கந்தராசா எல்லோ?"

"ஓம் பிள்ளை," என்றார் அவர். "நான்தான்."