ஒற்றைத் தொங்கட்டான்

முடி போனதற்காக ஊரே எனக்காகப் பரிதாபப்பட்டது. நான் படவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று லவீனியா அத்தை கத்தரிக்கோலை எடுத்து, இடுப்பு வரை தொங்கிய என் முடியைப் பிடரியோடு வெட்டிப் போட்டார். டோங்காவில் அந்த உரிமை அப்பாவின் அக்காவுக்குத்தான். முடி மட்டுமா? தம்பி பிள்ளைகளிடம் அத்தை எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது. பன்றியைக் கேட்டால் பன்றி, பாயைக் கேட்டால் பாய், ஆளைக் கேட்டால் ஆள்.

அன்று கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது, இனி இதைச் சீவ வேண்டாம் என்றுதான் தோன்றியது. அவ்வளவு அலுப்பு எனக்கு. பக்கவாதத்தில் விழுந்த அப்பா வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். கரண்டியால் ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பீ மூத்திரம் அள்ளுவது எல்லாம் நான். தலை மட்டும் என் பொறுப்பில்லை. அப்பாவின் தலையை மகள் தொடக் கூடாது. அதற்குச் சனிக்கிழமைதோறும் அத்தை வருவார். முடியை அலசி, சீவி, தாடியை வழித்து, "என் ராஜா" என்று கொஞ்சிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் கொஞ்ச எனக்கு நேரமில்லை.

சந்தையில் நான் விற்பது தொங்கட்டான்கள். முத்துச்சிப்பி ஓட்டில், தேங்காய்ச் சிரட்டையில், மரப்பட்டைத் துணியில் செய்தவை. உள்ளங்கை அகலத்துக்குக்கூட இருக்கும். அவற்றை விற்கிறவள் தலையிலிருந்து கால் வரை கறுப்பு, இடுப்பில் துக்கத்துக்குச் சுற்றிக் கட்டும் கிழிந்த பாய், வெறும் காது. துக்கம் முடிந்தது என்று அத்தை சொல்லும்வரை நகை கூடாது.

ஒரு சனிக்கிழமை துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்திருந்தது. பக்கத்துக் கடை கலோ வாழைப்பழம் தின்றுகொண்டே சொன்னாள்.

"உன் மாமாவுக்கு ஆஸ்பத்திரியில காலை வெட்டி எடுத்துட்டாங்களாமே. இனி அவரைப் பாத்துக்க உன்னத்தான் கூப்பிட்டு வெச்சுக்கப் போறாங்களாம் அத்தை. சிசிலியா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா."

சிசிலியா அத்தையின் ஒரே மகள். நகத்துக்குச் சாயம் பூசவே அவளுக்குப் பொழுது போதாது.

"சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அப்ப முடிஞ்சுது கதை. உன் பாய் தலகாணியை நான் தூக்கிட்டு வரட்டா?"

"சிரிக்காதடி. இன்னொருத்தரைத் தூக்கிப் புரட்ட என் முதுகுல பலமே இல்ல."

"மாட்டேன்னு சொல்லேன்."

"அத்தைகிட்டயா?"

கலோ தோலைக் கூடையில் எறிந்தாள். அவளுக்கும் ஒரு அத்தை உண்டு.

அப்போதுதான் நரைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு ஆஸ்திரேலியக்காரி வந்து நின்றாள். சின்னத் தோடாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்த முடிக்கு அது வேண்டாம்மா, பொட்டு மாதிரி காணாமப் போயிடும். கழுத்து தெரியுதுல்ல, தோள் வரைக்கும் தொங்குறதா எடுங்க. நீட்டு முடிக்காரிங்க போட்டா மாட்டிக்கிட்டு இழுக்கும். உங்களுக்கு என்ன தடை?"

"உனக்கும் என்னை மாதிரி குட்டை முடிதானே? போட்டுக் காட்டேன்."

நான் தயங்கினேன்.

"போடுடி" என்றாள் கலோ. "சாமி கப்பல வேடிக்கை பாக்குது."

சிவப்புச் சாயமேற்றிய சிப்பி வட்டம் ஒன்றை இடது காதில் மாட்டினேன். கைக்கண்ணாடியில் யாரோ ஒருத்தி தெரிந்தாள். கழுத்துள்ளவள், இன்னும் கிழவியாகாதவள். அழகாக இருந்தேன், சொல்வதில் என்ன வெட்கம்? ஆஸ்திரேலியக்காரி அதே மாதிரி வேறொரு ஜோடியை வாங்கிப் போனாள். அவள் பின்னால் ஒரு கூட்டமே வந்து மொய்த்துக்கொண்டது. பிறகு கடையைக் கட்டிக்கொண்டு, காதில் கிடந்ததைக் கழற்ற மறந்து, நேரே அத்தை வீட்டுக்கு நடந்தேன். முடி இருந்திருந்தால் எங்காவது சிக்கி ஞாபகப்படுத்தியிருக்கும்.

வாசலிலேயே சிசிலியா பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க வந்து பாரு! துக்க வீட்டுப் பொண்ணு மினுக்கிட்டு வந்திருக்கா!"

கை காதுக்குப் போனது. கழற்ற முயன்றேன். கொக்கி வரவில்லை. உள்ளே அத்தை பாயில் உட்கார்ந்திருந்தார்.

"கையை எடு" என்றார். "கிட்ட வா."

மண்டியிட்டு நகர்ந்து போய் அவர் முன்னால் குனிந்தேன். அறை விழும் என்றுதான் நினைத்தேன். அத்தை தொங்கட்டானை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு என் காது மடலைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"இது தம்பி காது" என்றார். "இத்தனை வருஷம் இது உன்கிட்ட இருந்திருக்கு, நான் பாக்கவே இல்லையே. எப்பவும் முடியால மூடி வெச்சிருந்த. இதோ, தலைய அலசறப்ப இந்த மடிப்புலதான் அவனுக்குச் சோப்பு நின்னுடும். எத்தனை தண்ணி ஊத்தினாலும் போகாது."

அவர் அழுதார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. அப்பாவின் காது எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்த்தவளா நான்?

"அம்மா, துக்கத்துல தோடு போட்டிருக்கா, நீ கொஞ்சிட்டிருக்க!"

"வாய மூடு. முடிய வெட்டினவ நான். துக்கம் எப்ப முடியும்னு சொல்றவளும் நான்தான்."

உள்ளறையிலிருந்து மாமா தண்ணீர் கேட்டார். பழக்க தோஷம், நான் எழுந்துவிட்டேன். அத்தை என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"சிசிலியா, உங்கப்பாவுக்குத் தண்ணி குடு."

"நானா?"

"நீதான். அப்படியே திருப்பிப் படுக்க வை. தெரியலன்னா கத்துக்க."

சிசிலியா காலை உதைத்துக்கொண்டு போனாள். நான் காத்திருந்தேன். அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, ஏதோ கேக்கணும்னுதானே வரச் சொன்னீங்க?"

"ஆமா."

"கேளுங்க."

"கேட்டா உன்னால மாட்டேன்னு சொல்ல முடியாதேடி" என்றார் அத்தை. "அதான் கேக்கல."

வீட்டுக்குப் போக எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அத்தை பாயை விட்டு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார், நான் அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டேன்.