பத்துக்கும் சம்மதம்

ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறந்ததிலிருந்து பௌலியன் நான்கு முட்டை ரொட்டிகளைக் கருக்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அதே கல், அதே கரண்டி. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் சரியாகப் புரட்டிப் போடுகிற கை. ஆனால் அன்றைக்கு அவள் காது மாடிப்படியிலேயே இருந்தது. நேற்று ராத்திரி தைபேயிலிருந்து வந்திறங்கிய மகள் வென்லிங், கடைக்கு மேலிருந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ராத்திரி முழுக்க ஓட்டு எண்ணிக்கையைப் போனில் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறாள். மாடித் தரை மெல்லிசு, எல்லாம் கீழே கேட்டது. நடுநடுவே மான்யுன் ஏதோ சமாதானம் சொல்கிற சத்தமும், அதற்கு வென்லிங் எரிந்து விழுகிற சத்தமும் கேட்டன.

மான்யுன் யார் என்று கடைத்தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பௌலியன் "வென்லிங்கோட தோழி" என்று சொல்லி வைத்திருந்தாள். என்ன மாதிரித் தோழி என்று தோண்டியவர்களுக்கு "நல்ல தோழி" என்று சொல்லி வைத்திருந்தாள். தைபேயில் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரு நாயை வளர்த்துக்கொண்டு எட்டு வருஷமாக இருக்கிறார்கள் என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். தைவானின் தெற்கே கிடக்கிற இந்தச் சியாயி ஒன்றும் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

போன வாரம் வென்லிங் போனில் சொன்னது பௌலியன் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "அம்மா, ஊர் எங்களைத் தோக்கடிச்சா தோக்கடிச்சுட்டுப் போகட்டும். நீ எங்களுக்குப் போட்டேன்னு தெரிஞ்சாப் போதும். இல்லேன்னா புது வருஷ விருந்துக்கு நாங்க வரமாட்டோம். வேணாம்னு ஓட்டுப் போட்டவங்ககூட உக்காந்து எப்படிம்மா மீன் சாப்பிடறது?"

"அட, அதெல்லாம் நான் பாத்துக்கறேன்டி," என்றிருந்தாள் பௌலியன். பார்த்துக்கொள்ளவும் செய்தாள். நேற்று பள்ளிக்கூட வாசலில் வரிசை வாழைப்பழச் சந்தை வரைக்கும் வளைந்து போயிருந்தது. மேயருக்கு ஒரு சீட்டு, கவுன்சிலருக்கு ஒன்று, வார்டு தலைவருக்கு ஒன்று. இது போதாதென்று அரசாங்கம் நாட்டு மக்களிடம் பத்துக் கேள்விகள் கேட்டு, அதற்குப் பத்துச் சீட்டு அடித்திருந்தது. அனல் மின்சாரம், அணு மின்சாரம், எந்த ஊர்ச் சாப்பாட்டை உள்ளே விடலாம், விளையாட்டுப் போட்டிக்கு நாடு எந்தப் பெயரில் போகலாம், யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம், எல்லாம் ஒரே மூச்சில். எதற்குச் சம்மதம், எதற்குச் சம்மதமில்லை என்று வென்லிங் வர்ணம் வர்ணமாக ஒரு படம் செய்து போனில் அனுப்பியிருந்தாள். பின்னால் நின்ற பன்றிக்கறிக் கடை சியுகிம், கோயில் கூட்டத்தில் கொடுத்த துண்டுச்சீட்டை நீட்டி "இதைப் பாத்து குத்துக்கா" என்றபோது கூட, "எனக்கு என் பொண்ணு சொல்லிட்டா" என்று பெருமையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் நின்ற ஆளோ போனை உள்ளே எடுத்துப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டான். மறுபடி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். பௌலியன் போனை அணைத்து வாசலிலேயே ஒப்படைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதனால் என்ன, அவள்தான் சமாளித்துவிட்டாளே. அந்தத் தைரியத்தில்தான் காலையில் மகளை எதிர்கொள்ளக் காத்துக்கொண்டிருந்தாள்.

கடையில் அன்றைக்கு வழக்கமான கூட்டம்தான், ஆனால் உட்கார்ந்திருந்த விதம் வேறு. தினமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே செய்தித்தாளைக் கிழித்துப் பகிர்ந்துகொள்கிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். டாக்ஸி ஓட்டுகிற சாய், டீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முள்ளங்கி அடையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"பத்துக் கேள்வியாம்! என் பொண்டாட்டி கூட என்னை ஒரு நாளைக்கு இத்தனை கேள்வி கேட்டதில்ல," என்றார்.

"நீங்க பதில் சொல்லமாட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்," என்றது ஒரு மூலை.

"கேள்வியாவது ஒழுங்கா இருக்கா? வேணாம்னு சொல்லணும்னா சம்மதம்னு குத்தணும், வேணும்னா சம்மதமில்லைன்னு குத்தணும். எவன் எழுதினான்?"

"உங்களுக்குப் புரியலைன்னா வீட்டுல இருந்திருக்க வேண்டியதுதானே."

பௌலியனின் புருஷன் தியன்பூ எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவர் பாட்டுக்குச் சோயாப்பாலைக் கப்பில் ஊற்றி மெஷினில் வைத்து மூடி ஒட்டிக்கொண்டிருந்தார். தியன்பூ ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சில் பாதி "வேணாம்" என்ற ஒரே வார்த்தைதான். புது ஃபேன் வாங்கலாமா, வேணாம். டாக்டரிடம் போகலாமா, வேணாம். மூன்று வருஷத்துக்கு முன் வென்லிங் மான்யுனை முதன்முதலாகக் கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னபோதும் அவர் அந்த வார்த்தையைத்தான் சொன்னார். எது வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதிலிருந்து அந்தப் பெண் வரும்போதெல்லாம் அவருக்குச் சோயாப்பால் வேலை அதிகமாகிவிடும். பௌலியன் இதற்கு நேரெதிர். கடன் கேட்டாலும் சரி, கோயிலுக்குச் சமைக்கக் கூப்பிட்டாலும் சரி, அவளுக்கு "சரி" என்று சொல்லித்தான் பழக்கம். இப்படிப்பட்ட இரண்டு பேரைக் கட்டிவைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

சியுகிம் கறிக்கடை ஏப்ரனோடு உள்ளே வந்து, கல்லுக்குப் பக்கத்து மேஜையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் வெற்றிக் களை.

"அக்கா, ஒரு முட்டை ரொட்டி, முட்டை ரெண்டா போடு. ராத்திரி டீவி பாத்தே தூக்கம் போச்சு. நம்ம கேள்வி எழுபது லட்சம் ஓட்டுக்கு மேல வாங்கி ஜெயிச்சிருக்கு, பாத்தியா?"

"எது?"

"அதான், கல்யாணம்னா ஒரு ஆணும் ஒரு பொண்ணும் மட்டும்தான்னு இருந்துச்சே. சம்மதம்னு ஒரே குத்து. கை வலிக்கக் குத்தினேன்."

பௌலியனின் கரண்டி அப்படியே நின்றது. "அதுக்கா சம்மதம்னு குத்தின?"

"பின்ன? நீ எதுக்குக் குத்தின?"

"நானும்தான் சம்மதம்னு…" என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள். நேற்று அந்த மறைப்புக்குள் நின்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. பின்னால் வரிசை, சீட்டுகளில் பொடி எழுத்து, "அம்மா, சீக்கிரம்" என்ற அதட்டல். ஒரு சீட்டில் கல்யாணம் என்ற வார்த்தை தெரிந்தது, கடைசியில் சம்மதமா என்று கேட்டிருந்தது. குத்தினாள். இன்னொரு சீட்டிலும் கல்யாணம் வந்தது, அதையும் குத்தினாள். மற்றவற்றுக்கு மட்டும் முகத்தைச் சுளிப்பானேன் என்று பத்துக்கும் சம்மதம் குத்திவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

சியுகிம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அப்போ நீ நம்ம பக்கம்தான்! எனக்குத் தெரியும்க்கா. பெத்த வயிறு ஒத்துக்குமா?"

பௌலியனுக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தியிடம் 'உனக்கு ரொட்டி கிடையாது, போ' என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கை பாழாய்ப்போன பழக்கத்தில் இரண்டாவது முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றிவிட்டது.

அப்போதுதான் மாடிப்படியில் சத்தம். வென்லிங் முன்னால் வந்தாள், கண் இரண்டும் பன்னாக வீங்கியிருந்தது. பின்னால் மான்யுன். இருவர் தோளிலும் பை. மூலையில் நடந்துகொண்டிருந்த சண்டை நின்றது. சாய் தன் முள்ளங்கி அடையை அதற்கு முன் பார்த்தேயிராதவர் போல உற்றுப் பார்த்தார்.

சியுகிம்தான் வாயைத் திறந்தாள். வென்லிங் பிறந்தபோது சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். "கண்ணு, நான் உன்னை நெனச்சுப் போடலைடா. ஊர்ல யாரோ பசங்க தெருவுல கொடி பிடிச்சிக்கிட்டுப் போறாங்களே, அவங்களை நெனச்சுத்தான்…"

"அத்தை," என்றாள் வென்லிங் அமைதியாக, "அந்த யாரோ நான்தான்."

சியுகிம்மின் முகத்திலிருந்த களை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

வென்லிங் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "அம்மா, நீ எங்களுக்குத்தானே போட்ட?"

பொய் சொல்லியிருக்கலாம். கடையில் அத்தனை பேரும் அவள் பொய் சொல்லவேண்டும் என்றுதான் விரும்பினார்கள், சியுகிம் உட்பட. பௌலியனுக்கு அது வராது.

"போட்டேன்டி," என்றாள். "உங்களுக்கும் போட்டேன்."

"உங்களுக்கும்னா?"

"பத்துக்கும் சம்மதம் போட்டேன்."

வென்லிங் தாய் முகத்தையே பார்த்தாள். மான்யுனின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து சாய் ஒரு டிஷ்யூவை நீட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன சிரிப்பு உனக்கு?" என்று வென்லிங் கத்தினாள். "அவ ஒரு சீட்டுல எனக்குக் குத்திட்டு இன்னொண்ணுல எனக்கு எதிராவும் குத்தியிருக்கா! எத்தனை தடவை சொன்னேன், படம் போட்டு அனுப்பினேன்!"

"போனை வாங்கி வெச்சிட்டாங்கடி," என்றாள் பௌலியன். "கல்யாணம்னு போட்டு, சம்மதமான்னு கேட்டிருந்தான். உன் கல்யாணத்துக்குச் சம்மதமான்னு ஒருத்தன் என்கிட்ட கேட்டா நான் வேற என்னடி சொல்லுவேன்? மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்துட்டா சொல்லுவாங்க?"

கல்லில் சியுகிம்மின் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது ஐந்தாவது. வென்லிங் உதட்டைக் கடித்துக்கொண்டு டீவியைப் பார்த்தாள், ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றதால் அவளுக்கு டீவி தெரிந்திருக்காது.

மான்யுன்தான் மெதுவாகக் கேட்டாள். "பெரியப்பா, நீங்க?"

தியன்பூ அடுத்த கப்பை மெஷினில் வைத்தார். அது உர்ரென்று உறுமி மூடி ஒட்டி முடித்ததும் சொன்னார்.

"பத்துக்கும் சம்மதமில்லை."

"பத்துக்குமா? ஏன்?"

"வலிய வந்து சம்மதமா சம்மதமான்னு கேக்கறவன் நல்லதுக்கா கேப்பான்?"

மான்யுன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். தைபேயில் கணக்கு வாத்தியார் அவள், பழக்கம் விடாது. "அப்போ ஒவ்வொரு கேள்விக்கும் இந்த வீட்டுல ஒரு சம்மதம், ஒரு சம்மதமில்லை. பெரியம்மா, நீங்க ரெண்டு பேரும் அரை நாள் வெயில்ல நின்னு நாட்டுக்கு ஒண்ணுமே சொல்லலை."

முதலில் சாய் சிரித்தார். அப்புறம் மூலையில் இருந்தவர். ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவர்கள் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சேர்ந்து சிரித்தார்கள். சியுகிம் கூடச் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள், தனக்குச் சிரிக்கிற உரிமை உண்டா என்று தெரியாதவள் போல. வென்லிங் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அவள்தான் விடவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அழுதவளை இரண்டு கிழங்கள் சேர்ந்து ஐந்து நிமிஷத்தில் சிரிக்கவைத்தால் அழுததெல்லாம் என்ன ஆவது என்று அவளுக்கு ரோஷம்.

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நாங்க கிளம்பறோம்ப்பா. புது வருஷத்துக்கு வரமாட்டோம். நேரா சொல்லிட்டுப் போலாம்னுதான் நின்னேன்."

"வேணாம்," என்றார் தியன்பூ.

வென்லிங் முகம் வெளுத்துப்போயிற்று. வர வேண்டாம் என்கிறாரா, வரமாட்டோம் என்று சொல்ல வேண்டாம் என்கிறாரா, இரண்டு அர்த்தமும் அந்த ஒரே வார்த்தைக்குள் கிடந்தது. சாய் தலையைச் சொறிந்துகொண்டே, "இவருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவனும் அந்தச் சீட்டை எழுதினவனும் ஒரே ஆளா இருப்பானோ?" என்று முணுமுணுத்தார்.

நேற்று ஒரு தடவை பட்டுவிட்ட பௌலியன் இந்தத் தடவை விடுவதாக இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷன் எதிரில் போய் நின்றாள்.

"எது வேணாம்? கேள்வியை முழுசாச் சொல்லிட்டு அப்புறம் பதில் சொல்லுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதுக்கும் சேத்து."

தியன்பூ யாரையும் பார்க்கவில்லை. அவருக்கு அவ்வளவு நீளமாகப் பேசி வழக்கமில்லை, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தொண்டையைக் கனைத்தார். திரும்பி இரண்டு கப் எடுத்தார். ஒன்றில் இனிப்புப் பாலை ஊற்றினார். இன்னொன்றைப் பக்கத்திலிருந்த சின்னப் பாத்திரத்துக்குக் கொண்டுபோனார், சர்க்கரை போடாத பால் அதில்தான் இருக்கும். மான்யுன் சர்க்கரை போட்டுக் குடிக்கமாட்டாள். இந்த வீட்டில் அவள் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஊற்றிக் கொடுத்ததை அப்படியே குடித்து வைப்பாள், பாதி மீதி வைப்பாள்.

இரண்டு கப்பையும் மேஜையில் வைத்தார். மெஷினில் வைக்கவில்லை. வழியில் எடுத்துப் போகிறவர்களுக்குத்தான் மூடி ஒட்டுவார்கள். உட்கார்ந்து குடிக்கிறவர்களுக்குத் திறந்த கப்தான்.

மான்யுன் அதை முதலில் பார்த்தாள், அப்புறம் வென்லிங்கைப் பார்த்தாள். சியுகிம் ஓசைப்படாமல் தன் ஸ்டூலிலிருந்து எழுந்து சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். பௌலியன் கல்லில் எண்ணெய் தடவி, யாரும் கேட்காமலே இரண்டு ரொட்டிகளைப் போட்டாள், போட்டதும் அந்தப் பக்கம் திரும்பவே பயந்து முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடியில்லாத இரண்டு கப்பிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வென்லிங் அதன் முன்னால் நின்றாள், பையின் ஒரு வார் தோளிலிருந்து நழுவி முழங்கை வரை இறங்கியிருந்தது, அதை அவள் மேலே இழுத்துவிடவும் இல்லை, கீழே விடவும் இல்லை.