ஏழாம் வாக்கியம்

ஸ்கேன் மையத்துக் கணினியில் இருபத்திரண்டு வாக்கியங்கள் தயாராக இருந்தன. எண்ணைத் தட்டினால் போதும், வாக்கியம் முழுசாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று, பித்தப்பை இயல்பு. நான்கு, சிறுநீரகங்கள் இயல்பு. ஏழு, கல்லீரலில் கொழுப்புப் படிவு, இரண்டாம் நிலை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் இருபது பேருக்காவது ஏழு விழும். அங்கே அறிக்கை தட்டுவது அவள் வேலை. நாலு வருஷத்தில் ஏழாம் எண்ணின் எழுத்து மட்டும் தேய்ந்து, விசை மொட்டையாகிவிட்டது.

வாசலில் சீட்டு கொடுக்கும் அக்காவுக்கு ஸ்கேன் கருவியே வேண்டாம். ஆள் நுழையும்போதே வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

"வருது பாரு ஒரு ஏழு."

கதவைப் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிகிற ஆள் என்றால், "இவரு ஏழு இல்லடி, ஏழரை" என்பாள். அறிக்கை தட்டுகிறவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வேறு யாரிடமும் அதிகம் பேசாதவள். அறிவியல் பட்டம் வாங்கியவள் என்பதால் வீட்டில் மட்டும் அவள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து அவள் சரி என்றால்தான் அண்ணன் விழுங்குவான்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். பத்து மாடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன அறை. அதில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்க வேண்டும். சாப்பாடும் அங்கேயேதான். இறங்கி ஏறக் கால் மணி நேரம் ஆகும் என்று தண்ணீரைக்கூட அளந்து குடிப்பான். உடம்பு ஏறிக்கொண்டே போனது. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி கேட்கும் பரிசோதனைக்குத் தங்கையின் மையத்துக்கே வருவான்.

முதல் வருஷம் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"ஒரு சொட்டு தொட்டதில்லை நான். எனக்கா கல்லீரல் கெட்டிருக்கு? தொட்டவனெல்லாம் கல்லு மாதிரி இருக்கான்."

"கெடலைண்ணா. கொழுப்பு, அவ்வளவுதான். உனக்குக் கொழுப்புன்னு ஊருக்கே தெரியும். இப்ப படமும் எடுத்தாச்சு."

"ஒண்ணும் ஆகாதே?"

"பாதிப் பேருக்கு இருக்கறதுதான். நடந்தா குறையும்."

அவன் நடக்கவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை. அடுத்த வருஷமும் ஏழு. அதற்கடுத்த வருஷமும் ஏழு.

மூன்றாம் ஸ்கேன் முடிந்து ஏழு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், துறைமுகத்தில் ஒரு பெட்டி நடுவானத்தில் நின்றுவிட்டது. கீழே இருந்தவர்கள் வயர்லெஸில் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். கிரேன் பழுது என்று நினைத்து மெக்கானிக்கைத் தேடினார்கள். அவர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் ஏறிப் பார்த்தபோது அண்ணன் இருக்கையில் வலப்பக்கமாகச் சரிந்து, வாய் கோணி, கண் திறந்தபடி கிடந்தான். அந்த உடம்பை அந்த ஏணியில் இறக்குவது லேசான காரியமா? மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது, அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டது.

இரண்டாம் நாள் இதய டாக்டர் வந்தார். அண்ணியையும் அவளையும் நடைவழிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இதயத்துல மேல் அறை ரெண்டும் சுருங்கி விரியணும். இவருக்கு அது விட்டுவிட்டு நடுங்குது. நடுங்குற இடத்துல ரத்தம் தேங்கும், தேங்கினா கட்டும். அப்படிக் கட்டின துண்டுதான் மூளைக்குப் போயிருக்கு." கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். "கல்லீரல்ல மூணு வருஷமா கொழுப்பு இருக்கே."

"அது பாதிப் பேருக்கு இருக்கறதுதான்னு சொன்னாங்க" என்றாள் அண்ணி. யார் சொன்னது என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவளைப் பார்க்கவும் இல்லை.

"இருக்கும்மா. அதுக்காக ஒண்ணுமில்லைன்னு ஆயிடுமா? கொழுப்பு படிஞ்ச கல்லீரல் சும்மா கிடக்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எல்லாம் அதோட கைகோத்து வரும். உடம்புக்குள்ள அணையாத புகைச்சல் மாதிரி ஒண்ணு இருந்துட்டே இருக்கும். இப்படிப்பட்டவங்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு மத்தவங்களைவிட அதிகமா வருது. அதுதான் இதைக் கொண்டுவந்துச்சா, ரெண்டுக்கும் ஒரே வேரான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கல்லீரலைப் பார்த்தவங்க இதயத்தையும் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். தெரிஞ்சிருந்தா ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை கொடுத்திருப்போம். பெரும்பாலும் இது நடந்திருக்காது."

கடைசி ஸ்கேன் அறிக்கையை எடுத்து மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்.

"ரத்த ஓட்டம் பார்க்கும்போது துடிப்பு தப்புறது சில சமயம் கண்ணுல படும். இதுல ஒண்ணும் எழுதலை. அப்ப இல்லை போல."

அப்ப இல்லை போல. அந்த மூன்று சொல்லை அவள் இரண்டு நாள் பிடித்துக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது சொல்லிக்கொண்டாள், பேருந்தில் சொல்லிக்கொண்டாள். ஆனால் மையத்தில் வேலை நடக்கும் விதம் அவளுக்குத் தெரியும். ஸ்கேன் அறை இருட்டில் டாக்டரம்மா ஒரு அரைத்தாளில் கிறுக்குவார். ஏழு, நாலு, ஒன்று என்று எண்கள்தான் பெரும்பாலும். தாள் அவள் மேசைக்கு வரும். அவள் தட்டுவாள். சாயங்காலம் டாக்டரம்மா நாற்பது அறிக்கையையும் அடுக்கி வைத்து, யாருடனாவது பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அரைத்தாள்களை மாதவாரியாகக் கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிடுவார்கள்.

அறிக்கையில் இல்லை என்றால் தாளிலும் இல்லை என்று அர்த்தமில்லை.

ஐந்தாம் நாள் மதியம், எல்லாரும் சாப்பிடும் நேரத்தில், படிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தாள். எதுவும் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினாள். கரையான் அரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"என்னடி, எலி பிடிக்கிறியா?" சீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், "சரி, சரி, தேடு" என்று போய்விட்டாள்.

கரையான் அரிக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முந்தைய கட்டில், பதினோராவது தாளாக அது இருந்தது. மேலே அண்ணன் பெயர். 1, 4, 7. அதற்குக் கீழே, தாளின் ஓரத்தில், சாய்வாக: துடிப்பு சீராக இல்லை. இசிஜி எடுக்கச் சொல்லவும்.

அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அண்ணன் அவள் மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கப்பலில் வந்த யாரோ ஒருவனைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டே போன வருஷத்து அறிக்கையைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றினாள். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"படிச்சுத் தட்ட மாட்டியா?" என்று அவன்தான் கேட்டான்.

"உன் வயிறு எனக்கு மனப்பாடம்ணா."

வேறு யாருடைய தாள் என்றாலும் படித்திருப்பாள்.

சாயங்காலம் வார்டுக்குப் போனபோது, அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் தாளை நீட்டினாள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு தடவை படித்தாள்.

"இது அறிக்கையில இல்லையே."

"நான் தட்டலை அண்ணி. பார்க்கவே இல்லை. பழசை அப்படியே போட்டுட்டேன்."

அண்ணி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அடுத்த கட்டிலில் யாரோ இருமி முடித்தார்கள்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லிடப் போறேன்."

"சொன்னா?"

"வேலை போயிடும்."

"காலைல கம்பெனியிலிருந்து ஆள் வந்தாங்க. இனிமே மேல ஏற மாட்டார்னு எழுதி வாங்கிட்டுப் போனாங்க." அண்ணி தாளை நாலாக மடித்து அவள் கையிலேயே வைத்தாள். "இந்த வீட்டுல இனி வேலைக்குப் போறது நீ ஒருத்திதான். நீ போய்ச் சொல்லி நிம்மதி ஆயிடுவ. நாங்க?"

"அண்ணி, என்னால..."

"உன்னால முடியாதுன்னு தெரியும். முடியாமலே போயிட்டு வா. நான் இங்க முடிஞ்சா உட்கார்ந்திருக்கேன்?" குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "உன்னைத் திட்டணும்னு வருது. திட்டிட்டு நாளைக்கு யார் முகத்துல முழிக்கிறது? அழணும்னா வெளியில போய் அழு. அவருக்குக் காது நல்லா கேக்குதுன்னு நர்ஸ் சொன்னாங்க."

அவள் அப்போதுதான் கட்டிலைப் பார்த்தாள். அண்ணன் விழித்திருந்தான். கண் அவள் பக்கம் இருந்தது.

காலையிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு சொல் திரும்பியிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் "சரி" என்றான். வலிக்குதா என்றாலும் "சரி". உங்கள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கும் அதையே சொன்னான். மற்ற சொல்லெல்லாம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

அவள் குனிந்து அவன் இடக்கையைப் பிடித்தாள். உயிர் இருக்கிற கை.

"அண்ணா, அந்தத் தாளை நான் படிக்கலை. நான்தாண்ணா."

அவன் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. முயன்று, எச்சில் வழிய, சொன்னான்.

"சரி."

அந்தச் 'சரி'யை வாங்கிக்கொள்ளலாமா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் நர்ஸ் வந்து, போர்வையை விலக்கிப் பார்த்து, "துணி மாத்தணும். வெட்கமா இருக்கா அண்ணே?" என்று கேட்டாள்.

"சரி" என்றான் அதே குரலில்.

"ஒருத்தர் தோளைப் பிடிங்க, ஒருத்தர் இடுப்பு" என்றாள் நர்ஸ். அண்ணி தோள் பக்கம் போனாள். அவள் தாளைப் பைக்குள் போட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தாள். அவ்வளவு கனமாக இருப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை.